சக்கர நாற்காலியும் இரண்டாம் படமும்

௧

நேற்று முற்பகல், இந்நகரத்து வானூர்தி நிலையத்தில், கால்கள் இரண்டும் பழுதின்றி உள்ள நான் சக்கர நாற்காலியில் அமர்ந்து போனேன். தள்ளியவள் என் தங்கை ஞானம்மா. நாற்காலி அவள் பெயரில் பதிவானது. அதில் அமரும் உரிமையும் கடமையும் அவளுக்கே உரியவை. இம்முறைகேடு நேர்ந்த விதத்தை உத்திரமேரூர் வட்டத்து நண்பர்களுக்கு நானே எழுதிவிடுவது நல்லது. இல்லையேல் மானாம்பதிக் கூட்டுரோட்டுத் தேநீர்க்கடை வரைக்கும் செய்தி வேறு வடிவத்தில் போய்ச் சேரும். "வாத்தியாருக்குக் கால் போயிடுச்சாமே" என்று அங்கே துக்கம் கொண்டாடத் தொடங்கிவிடுவார்கள்.

நான் குடியிருக்கும் நாட்டின் பெயரையோ, அந்த வானூர்தி நிறுவனத்தின் பெயரையோ, அதைக் கண்காணிக்கும் அமைச்சகத்தின் பெயரையோ இக்குறிப்பில் எழுதப் போவதில்லை. என் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அஞ்சாமை பற்றி முப்பதாண்டுக் காலம் வகுப்பெடுத்தவன்தான் நான். ஆனால் அது உள்ளூரில் எடுத்த வகுப்பு.

ஞானம்மா மானாம்பதியில் இருக்கிறாள். நாற்று நடவும் களையெடுப்பும் அவள் தொழில். வயல் வேலை இல்லாத காலத்தில் ஏரிக்கால்வாய் தூர்வாரும் நூறு நாள் வேலை. அவள் மகள் ஸ்டெல்லா செவிலியர் படிப்பு முடித்து இந்நாட்டுக்கு வந்து, நான் என் மகனோடு வாழும் இதே நகரில் குடித்தனம் நடத்துகிறாள். ஸ்டெல்லாவுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. தாய் அருகில் இருக்க வேண்டும் என்று விரும்பினாள். ஊரிலிருந்த மகன் பீட்டர் பயணச்சீட்டு எடுத்தான். சீட்டோடு ஒரு சக்கர நாற்காலியும் கேட்டு வைத்தான்.

௨

நாற்காலி எதற்கு என்று கேட்பவர் நம் மாவட்டத்தவராக இருக்க முடியாது. காஞ்சிபுரத்தில் பயணச்சீட்டு போட்டுத் தரும் கடைக்காரர், பயணியின் பிறந்த நாளைக் கேட்பதற்கு முன்பே, "அம்மாவுக்கு வீல்சேர் போட்டுடவா சார்?" என்று கேட்டுவிடுகிறார். வயலில் நாள் முழுதும் குனிந்து நடுகிற பெண்களும், தறிக்குழியில் கால் தேய மிதித்த ஆண்களும், மீனம்பாக்கம் வாயிலை நெருங்கியவுடன் ஒட்டுமொத்தமாக நடக்கவியலாதவர் ஆகிவிடுகிறார்கள். இதைக் காணும் வெளிநாட்டார் நம் மண்ணில் ஏதோ கொள்ளைநோய் பரவியிருப்பதாக எண்ணக்கூடும்.

உண்மை எளியது. அந்நாற்காலி காலுக்காக அன்று, வாய்க்காக. ஆங்கிலம் அறியாத ஒரு பெண்ணை வாயிலுக்கு வாயில் யாரேனும் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும். மொழி தெரியாமைக்கு எந்த நாட்டுச் சட்டமும் துணையாள் தருவதில்லை. கால் இயங்காமைக்குத் தருகிறது. ஆகவே நம்மவர்கள் வாயின் குறையைக் காலின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

பீட்டர் தாய்க்குச் சொல்லியனுப்பிய அறிவுரை இது:

"யம்மா, எதுக்கும் நாற்காலிய வுட்டு ஏந்துக்காத. நீ நடக்கறத பாத்தான்னா சேர இஸ்துக்கினு போயிடுவான். அப்பறம் பேஜாரு. கம்முனு குந்திக்கினு இரு, இன்னா?"

வாழ்நாளில் அவளை உட்காரச் சொன்னவர்கள் மிகச் சிலர். நடவு வயலில் முதுகை நிமிர்த்தினால் கரையிலிருந்து அதட்டல் வரும். கூலி வாங்க நிற்கும் பெரிய வீட்டு வாசலில் அவள் தாயும் நின்றாள், அவளும் நின்றாள். முதன்முதலாக ஒரு பெருநிறுவனம் அவளை அன்போடு உட்காரச் சொன்னது. உட்காரச் சொல்லிவிட்டு மறந்துபோனது.

௩

இந்நாட்டின் எல்லையில் உள்ள ஒரு மாநகர நிலையத்தில் அவள் வந்திறங்கினாள். அங்கிருந்து எங்கள் நகருக்கு ஒரு சிறிய வானூர்தியில் மாற வேண்டும். குடிவரவுச் சோதனை முடிந்ததும் ஓர் ஊழியன் அவளைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பெரிய கூடமொன்றில் தூண் அருகே நிறுத்தினான். தன் கைப்பேசியை உயர்த்தி, நாற்காலியோடு சேர்த்து அவளைப் படம் எடுத்தான். ஏதோ சொன்னான், கையசைத்தான், போனான்.

அடுத்து நடந்தது இந்நாட்டார் எவருக்கும் இன்றுவரை விளங்கவில்லை. நம்மூரார்க்கு உடனே விளங்கும். நூறு நாள் வேலையில் காலையில் பொறுப்பாளர் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கிறார். பிற்பாடு மீண்டும் ஒரு படம். இரண்டிலும் முகம் இருந்தால்தான் அன்றைய நாள் நாளாகும். முதல் படத்துக்குப் பின் அவசரமென்று வீட்டுக்குப் போய், இரண்டாவதில் இல்லாதவர் வேலைக்கே வராதவர். காய்ச்சலோடு கரைமேட்டில் சுருண்டு கிடந்த நாளிலும் ஞானம்மா இரண்டாவது படத்துக்கு எழுந்து நின்றவள். 'வரவில்லை' என்ற குறியை அவள் பெயருக்கு நேரே போடும் வாய்ப்பை அரசாங்கத்துக்கு அவள் தந்ததேயில்லை.

ஆகவே அமர்ந்திருந்தாள். எங்களுக்கு அவளே பின்னர் சொன்னாள்:

"படம் புடிச்சிக்கினு போனான். சரி, ரெண்டாவது படத்துக்கு வருவான்னு குந்திக்கினு இருந்தேன். நடுவுல ஏந்துப் போனா ஆப்சென்ட் போட்டுட மாட்டானா? அதுவும் இல்லாம, அந்தத் தூண்ல நீலமா ஒரு போர்டு. அதுல வீல்சேரு பொம்ம வேற போட்டுருந்திச்சு. சரியான எடத்துலதான் வுட்டுட்டுப் போயிருக்கான்னு தெகிரியமா இருந்தேன்."

அந்த நீலப் பலகை யாதென்று பின்னர் அறிந்தேன். பயணியர் உரிமைப் பட்டயம். சக்கர நாற்காலிப் பயணியைத் துணையின்றி விட்டுவிட்டுப் போகலாகாது என்று அமைச்சகம் வகுத்த விதி அதில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. அவ்விதியின் அடியிலேயே, அவ்விதி காக்க வேண்டியவளை விட்டுவிட்டுப் போனார்கள். இடத்தேர்வில் ஒரு நேர்த்தி இருப்பதை மறுக்க முடியாது.

அவள் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்தார்களாம். ஞகர மெய்யை அந்நாவுகள் என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நான் விரிக்க வேண்டியதில்லை. வானூர்தி போய்விட்டது. கூடத்தைப் பெருக்க வந்த ஒரு பெண்மணி, நெடுநேரமாக அசையாதிருக்கும் உருவத்தைக் கண்டு ஐயுற்று, ஆள் அழைத்து வந்தாள். ஞானம்மா எங்கள் நகருக்கு மறுநாள்தான் வந்து சேர்ந்தாள்.

அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது.

மருத்துவமனைக்கு நான்தான் அவளை அழைத்துப் போனேன். பேத்தியைக் கையில் வாங்கியவள் முகம் மலர்ந்தது. மகளோ சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஏந்து யாரையாவது ஒரு வார்த்த கேட்டுருந்தா இன்னாம்மா? நான் இங்க தனியா கத்திக்கினு கெடந்தேன்."

"படத்துக்கு வருவான்னு..."

"படமா? ஊர்ல கால்வா வெட்டற நெனப்புலயே இருப்பியா நீ?"

பீட்டர் தொலைபேசியில் இன்னும் சுருக்கமாக முடித்தான்: "கல்லு மாரி குந்திக்கினு இருந்தியா? அசிங்கமா கீதும்மா."

எழக்கூடாது என்று சொல்லியனுப்பியவன் இவனே என்பதை எவரும் நினைவூட்டவில்லை.

௪

சில நாட்களில் நிறுவனத்தின் மடல் வந்தது. பயணி உரிய வாயிலுக்கு வராமையால் 'வராத பயணி' எனப் பதிவு செய்யப்பட்டார். ஒரு கட்டத்தில் வராதவர் மறுகட்டத்திலும் வரமாட்டார் என்பது நடைமுறையாதலின் ஊர் திரும்பும் சீட்டும் நீக்கப்பட்டது. மாந்தர் இயல்பைப் பற்றி இத்துணைத் துணிவான கோட்பாட்டை மெய்யியல் நூல்களிலும் நான் கண்டதில்லை.

பொருளை எடுத்துச் சொன்னேன். சீட்டுப் போனது பற்றி ஞானம்மா வாயே திறக்கவில்லை.

"வர்லன்னா எய்திக்கிறான்?"

"ஆம். வராதவர் என்று."

"நான் வந்தேன்ணா. அங்கயேதான் குந்திக்கினு இருந்தேன். அவன்தான் வர்ல."

அதன் பிறகு அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அதை மட்டும் விடவுமில்லை. பேத்தியைக் குளிப்பாட்டும்போதும், எண்ணெய் தேய்க்கும்போதும், "அத்த மாத்த முடியுமாண்ணா? வந்தேன்னு எய்த முடியுமா?" என்றாள். மகள் தன்னை அறிவிலி என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். நிறுவனமே வாய்திறந்து, விட்டுவிட்டுப் போனது நாங்கள் என்று சொன்னாலன்றி அவ்வெண்ணம் மாறாது என்பது அவள் கணக்கு.

அமைச்சகத்துக்கு முறையீடு செய்யத் தீர்மானித்தேன். உத்திரமேரூரான் ஒருவன் உலகத்தில் எந்த அலுவலகத்துக்கு முறையீடு எழுதினாலும் எங்கே தொடங்குவான் என்பது உங்களுக்குத் தெரியும். நம் கோயிற் சுவர்க் கல்வெட்டிலிருந்து தொடங்கினேன். கணக்குக் காட்டாத வாரியத்தாரை மறுபடி குடவோலையில் சேர்க்காத ஊர் எங்களுடையது. சொன்ன பணியைச் செய்யாத நிறுவனத்தை நீங்கள் எவ்வாறு நடத்துகிறீர்கள் என்று வினவி நான்கு பக்கம் எழுதினேன். அதை ஆங்கிலமாக்கிக் கணினியில் ஏற்ற என் பெயர்த்தி இனியாவை அழைத்தேன். கல்லூரியில் படிக்கிறாள், இங்கே பிறந்தவள். தமிழை விருந்தினர் வீட்டுப் பாத்திரம் போல் இரு விரலால் பிடிப்பாள்.

"தாத்தா, இதுல சோழா கிங் எதுக்கு?"

"முன்னுதாரணம்."

"பாக்ஸ் சின்னது தாத்தா. கிங் உள்ள போக மாட்டார்."

பராந்தகச் சோழனை நீக்கினோம். பிறகு வாரியப் பெருமக்களை நீக்கினோம். நான்கு பக்கம் நான்கு வரியானது. முறையீட்டின் வகையைத் தெரிவு செய்யச் சொன்னது கணினி: காலத்தாழ்ச்சி, பயணப்பொதி, உணவு, உடன்வரும் விலங்கு. இருந்த இடத்தில் விட்டுவிட்டுப் போதல் என்று ஒரு வகை இல்லை. இனியா இறுதியில் 'பிற' என்பதை அழுத்தினாள்.

நிறுவனம் அமைச்சகத்துக்குத் தந்த மறுமொழியின் நகல் எங்களுக்கும் வந்தது. வாதங்கள் மூன்று. பயணி நடக்கக் கூடியவராதலின் நாற்காலிக்கு உரியவரல்லர். தாமே நடந்து வந்திருக்கலாம். எனினும் நாற்காலி தரப்பட்டது. சான்றாகப் படம் இணைக்கப்பட்டுள்ளது. எவ்வாறாயினும் அவர் வரவில்லை.

படத்தைப் பார்த்தேன். தூண், நீலப் பலகை, நாற்காலி. அதில், கரைமேட்டில் நிற்கும் அதே நிமிர்வோடு, கண்களை நேரே வைத்து ஞானம்மா. வந்தவள் வரவில்லை என்பதற்கு, அவள் வந்திருக்கும் படமே சான்று.

௫

குழந்தை குப்புற விழப் பழகிய காலத்தில் அமைச்சகத்து அலுவலர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இனிய குரல், மரியாதையான மனிதர். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்மணியையும் இணைப்பில் சேர்த்திருந்தார். அவர் யாழ்ப்பாணத்தவர்.

"அம்மா, உத்தியோகத்தர் கேக்கிறார், நீங்கள் ஏன் எழும்பிப் போகேல்லை எண்டு."

ஞானம்மா என்னைப் பார்த்தாள். "இன்னாண்ணா சொல்லுது இந்தப் பொண்ணு?"

"எழுந்து செல்லாமைக்குக் காரணம் யாதென வினவுகிறார்."

"நீ சொல்றதும் புர்லண்ணா. ஸ்டெல்லா, நீயாவது சொல்லு."

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த ஸ்டெல்லா தயங்கினாள். பிறகு கேட்டாள். "ஏன் ஏந்துப் போவலன்னு கேக்கறாங்கம்மா."

மருத்துவமனையில் அவள் கேட்ட அதே வினாதான். அன்று மறுமொழியை முடிக்க விடவில்லை. இன்று அரசாங்கம் காத்திருந்ததால் அவளும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஞானம்மா தொலைபேசியை விட்டுவிட்டு மகளைப் பார்த்தே சொன்னாள். காலைப் படம், பிற்பாடு எடுக்கும் படம், நடுவில் போனவளுக்கு நேரும் கதி, ஓர் ஆண்டு மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய் நாள் இழந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். பிறகு, பயணியால் நடக்க இயலுமா என்றொரு வினா.

"முட்டி வலின்னு சொல்லும்மா," என்று ஸ்டெல்லா கிசுகிசுத்தாள்.

"எனுக்கு முட்டி நல்லா கீது. மானாம்பதிலேர்ந்து உத்திரமேரூருக்கு நடந்தே போயிட்டு வந்தவ நான். இல்லாத வலிய எங்கேர்ந்து கொண்டாறது?"

"யம்மா, கேஸு போயிடும்!"

"போனா போவட்டும். நான் நடக்கறவதான். அவன் கூட்டிக்கினு போறேன்னான், குந்த வச்சான், வர்ல. இத்த எய்திக்கச் சொல்லு."

அலுவலர் இறுதியாக, பயணி வேண்டும் தீர்வு யாது என்றார். சீட்டின் விலையா, பயணச் சலுகையா?

"வர்லன்னு எய்தினத்த அடிச்சிட்டு, வந்தேன்னு எய்தணும். அவ்ளோதான்."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அலுவலர் பெருமூச்செறிந்தது மொழிபெயர்ப்பின்றியே கேட்டது. அப்படியொரு தீர்வுக்குத் தம் படிவத்தில் இடமில்லை என்றார். 'பிற' என்று குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

௬

சென்ற கிழமை ஆணை வந்தது. எங்கள் முறையீடு போல் பலருடையவையும் குவிந்திருந்தனவாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆணை. செய்தித்தாள்கள் அதை 'இரும்புக்கரம்' என்று எழுதின. இரும்புக்கரத்தை நான் முழுவதும் வாசித்தேன்.

நிறுவனத்துக்குப் பெருந்தண்டம் விதிக்கப்படுகிறது. தண்டத்தில் ஒரு பகுதி அரசின் கருவூலத்துக்குப் போகும். எஞ்சியதை நிறுவனம் தனக்கே நாற்காலிகள் வாங்கிக்கொண்டு கழித்துக்கொள்ளலாம். நிறுவனம் குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாமையை அமைச்சகம் ஒப்புக்கொள்கிறது. எந்தப் பயணியின் பதிவேனும் திருத்தப்படும் என்று ஆணையில் ஓரிடத்திலும் இல்லை. நம் ஊர்ச் சபையார் இவ்வகை ஆணையைக் கல்லில் பொறிக்கச் சொல்லியிருந்தால் கல்தச்சன் உளியைக் கீழே வைத்துவிட்டுப் போயிருப்பான்.

ஆணையின் கடைசிப் பத்தியில் எதிர்காலத்துக்கான ஏற்பாடு ஒன்று இருந்தது. நாற்காலிப் பயணியை ஏற்றிக்கொள்ளும்போது ஒரு படம் எடுக்கும் இப்போதைய வழக்கம் போதாது. உரிய வாயிலில் சேர்ப்பித்த பின் இரண்டாவதாக ஒரு படம் எடுத்தல் வேண்டும்.

அதை இருமுறை படித்தேன். பிறகு ஞானம்மாவிடம் சொன்னேன்.

"ரெண்டாவது படமா?" என்றாள். "அப்போ எனுக்கு?"

"உனக்கு நல்லெண்ண அடிப்படையில் திரும்பும் சீட்டை மீண்டும் தருகிறார்கள்."

"வந்தேன்னு?"

"அது இல்லை."

குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து தாயைப் பார்த்தாள்.

௭

அவள் நுழைவிசைவின், அதாவது விசாவின், காலம் முடிந்தது. குழந்தைக்குச் சளி பிடித்திருந்ததால் ஸ்டெல்லா வீட்டிலேயே விடைகொடுத்தாள். நேற்று நான் வழியனுப்பப் போனேன். முதியவரோடு வாயில்வரை செல்ல உறவினருக்கு ஓர் இசைவுச்சீட்டு தருகிறார்கள். ஸ்டெல்லா மறுபடியும் நாற்காலிக்குப் பதிந்திருந்தாள். "இந்த வாட்டி நான் நடந்தே போறேன்," என்று ஞானம்மா வீட்டிலேயே அறிவித்துவிட்டாள்.

நிலையத்தில் புத்தம்புது நாற்காலிகள் வரிசையாக நின்றன. தண்டம் அங்கே பளபளத்துக்கொண்டிருந்தது. நாற்காலி தள்ள எங்களுக்கு அமைந்தவர் ஆப்பிரிக்க நாடொன்றிலிருந்து வந்த நடுவயதுப் பெண். உட்காருங்கள் என்றார். ஞானம்மா தலையை ஆட்டி மறுத்து, நடந்து காட்டினாள். அப்பெண் ஓடிவந்து முன்னால் நின்று, கைப்பேசியைக் காட்டிக் கெஞ்சும் குரலில் ஏதேதோ சொன்னார்.

"இன்னாண்ணா அவுங்களுக்கு?"

"இரண்டு படம் எடுக்க வேண்டுமாம். நாற்காலியில் நீ இருக்கும் படம் இல்லையேல், அவர் இன்று வேலை செய்யவில்லை என்று பதிந்துவிடுவார்களாம்."

ஞானம்மா நின்றாள். "இதுக்கும் அதே கதிதானா?"

மறுபேச்சின்றித் திரும்பி வந்து, நாற்காலியில் அமர்ந்து, முந்தானையைச் சரிசெய்தாள். "எடும்மா. நல்லா எடு." படம் எடுத்து முடித்த நொடியில் எழுந்துவிட்டாள்.

எங்கள் வாயில் அந்நிலையத்தின் மறுகோடியில் இருந்தது. நிலையம் மானாம்பதி ஏரியினும் நீளம். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியது.

"ண்ணா, நீ குந்து."

"அது முறையன்று, ஞானம்மா. உன் பெயரில் உள்ள நாற்காலி."

"சேரு சும்மாதானே போவுது. கம்முனு குந்துண்ணா. ஓவரா இலக்கணம் பேசாத."

குந்தினேன். என் தங்கை தள்ளினாள். பணிப்பெண் அவள் பையைத் தூக்கிக்கொண்டு உடன் நடந்தார். இருவரும் ஒரு சொல்லும் பொதுமொழி இன்றி வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார்கள். இடையிடையே என்னைச் சுட்டிச் சிரித்தார்கள்.

வாயிலில் என்னை எழுப்பிவிட்டு ஞானம்மா அமர்ந்தாள். முதுகை நிமிர்த்தி, கண்களை நேரே வைத்தாள். இரண்டாவது படம் எடுக்கப்பட்டது. கைப்பேசித் திரை பச்சையாகி, ஒரு சொல் தோன்றியது.

"இன்னா எய்திக்கிது?"

"வந்து சேர்ந்தார் என்று."

"எங்க, காட்டச் சொல்லு."

பணிப்பெண் காட்டினார். அவ்வெழுத்துகளை அவளால் படிக்க இயலாது. இருந்தும் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு, "இத்த நீ ஒரு படம் புடிண்ணா. ஸ்டெல்லாவுக்கு அனுப்பு. பீட்டருக்கும்," என்றாள். பிடித்து அனுப்பினேன். அவள் பையை வாங்கிக்கொண்டு, பணிப்பெண்ணின் கையைப் பற்றி ஒருமுறை குலுக்கிவிட்டு, நடந்தே உள்ளே போனாள்.

நான் மீண்டும் நாற்காலியில் சாய்ந்தேன். ஸ்டெல்லாவிடமிருந்து மறுமொழி வந்தது: "ரெண்டாவது படம் எடுத்துட்டாங்களா மாமா? அம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

எழுதத் தொடங்கினேன். அதற்குள் வாயிற்கதவு சாத்தப்பட்டது. பணிப்பெண் வேறொருவரை ஏற்றப் போய்விட்டார். கூடத்தில் நானும் நாற்காலியும்தான். எதிர்ச்சுவரில் நீலப் பலகை. எவரேனும் வந்து தள்ளுவர் என்று சற்று நேரம் பார்த்தேன்.

என்னை எவரும் படம் எடுத்திருக்கவில்லை. ஆகவே எழுந்து நடந்தேன்.